கணக்கில் வராத கெண்டை

நான்காம் மேசை. இடது கால்.
தோலைப் புரட்டி, கொழுப்பைக் கிள்ளிக் கிள்ளி
வாளியில் போட்டுக்கொண்டிருந்தோம்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்து ஹாரன்.
கண் எரிவது பார்மலினாலா, தூக்கம் கெட்டதாலா என்று
நவம்பரிலேயே கேட்பதை விட்டாயிற்று.

கெண்டைக்கால் என்று நம் ஆட்கள்
சும்மா சொல்லவில்லை.
திறந்தால் நிஜமாகவே இரண்டு மீன்,
தலை மேலே, வால் கீழே,
பாண்டியன் முத்திரையில் ஒட்டிக் கிடப்பது போல.
அவற்றுக்கு அடியில் தட்டையாக இன்னொன்று. சோலியஸ்.
லத்தீன்காரன் நாக்குமீனை நினைத்து வைத்த பெயராம்;
இல்லை, செருப்பை நினைத்து என்பாரும் உண்டு.
நான் மீன் கட்சி.

மூன்று வாலும் ஒரே கயிறாகத் திரண்டு
குதிகாலில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.
அந்தக் கயிற்றுக்கு உள்பக்கம் வெறும் கொழுப்பு,
வழித்து எடுத்துவிடலாம் என்கிறது புத்தகம்.

பொன்னிளவரசு எடுக்கத்தான் போனான்.
கத்திரி வாயைத் திறந்தாயிற்று.
"இருடா," என்றாள் ருக்சானா,
"கொழுப்புல எங்கடா நார் ஓடும்?"

நார் ஓடியது.
கணுக்காலின் உட்புறம் இறங்கி
கயிற்றோடு சேராமல்
எலும்பில் தனியாகப் போய் ஒட்டிக்கொண்டது.
தனி உறை. தனி ரத்தக்குழாய். நூல் போலத் தனி நரம்பு.
கூட்டுக் குடும்பத்துக்குள்
சத்தமில்லாமல் ஒரு தனி அடுப்பு.

வலது காலை அன்றைக்கே அவசரமாகத் திறந்தோம்.
மூன்றுதான்.

தமயந்தி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
"நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும்.
பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிடும்."
வலிச்சிருக்குமா மேடம்?
"சிலருக்கு வலிக்கும். ஓடினா. ரொம்ப நேரம் நின்னா."

பதிவேட்டில் நான் போய்ப் பார்த்தேன்.
ஆண். வயது ஐம்பது இருக்கலாம்.
பெரியார் பஸ் ஸ்டாண்டு. உரிமை கோர எவருமில்லை.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
நின்றாரா, ஓடினாரா,
அந்தக் கோட்டிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது.

மார்ச்சில் ஸ்பாட்டர் தேர்வு.
பதினோராம் எண்: அதே கால், அதே இடம்,
மஞ்சள் கொடியோடு ஒரு குண்டூசி.
முப்பது விநாடி. மணி.
மற்ற மேசைக்காரர்கள் தெரிந்த பெயரையெல்லாம்
அதன் தலையில் கட்டினார்கள்.
ஒருத்தி நரம்பு என்றாள், ஒருவன் கட்டி என்றான்.
நான் சரியாக எழுதினேன், உபரி சோலியஸ்.
முழு மதிப்பெண்; பிட் அடித்தது போலக் கூச்சம்.
பொன்னிளவரசு
பதற்றத்தில் "கொழுப்பு" என்று எழுதியிருந்தான்.
விடுதி வரும்வரை ருக்சானா சிரித்தாள்,
அவனும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.
மாட்டுத்தாவணி பஸ்ஸில் முகங்களைப் பார்ப்பதில்லை.
படிக்கட்டில் தொங்குகிற கணுக்கால்கள்,
மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே,
கொலுசுக்கு மேலே, ஷூவின் விளிம்பில்.
உள்பக்கம் லேசாகப் புடைத்திருக்கிறதா என்று.
ராத்திரி என் காலையும் அமுக்கிப் பார்த்திருக்கிறேன்.
சொல்லத் தெரியவில்லை.
அறுக்காமல் எதைச் சொல்ல முடிகிறது.

நேற்று எனக்கு எதிர்ச் சீட்டில்
வெங்காய மண்டி லோடுமேன் ஒருவர்,
தோளில் சாக்குத் தூசி,
ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு
இடது காலைத் தன் போக்கில் நீவிக்கொண்டிருந்தார்.
குதிகாலுக்கு மேலே, உள்பக்கம், சரியாக அங்கே.
நான் குனிந்தே விட்டேன்.

சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.
"என்னம்மா, ஏதும் விழுந்துருச்சா?"

"இல்லண்ணே," என்றேன்.
அவரும் ஒரு தடவை
சீட்டுக்கு அடியில் தேடிப் பார்த்தார்.